வீட்டுக்குள் ஒரு செல்லம்: லெப்பர்ட் கெக்கோ வாங்கப் போறீங்களா? முதல்ல வீடு கட்டுங்க, அப்புறம் பல்லி!

சுவரில் ஓடும் பல்லியைத் துடைப்பத்தால் விரட்டும் அதே வீட்டில், மொபைலில் ஒரு பல்லியைப் பார்த்து ‘எவ்வளவு க்யூட்’ என்று சொல்கிறார்கள். மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளிகள், தடித்த வால், எப்போதும் சிரிப்பது போன்ற வாய். அதுதான் லெப்பர்ட் கெக்கோ. தமிழில் சிறுத்தைப் பல்லி என்று சொல்லலாம்.

நாய், பூனைக்கு இடமில்லாத அபார்ட்மென்ட் வீடுகளில் இந்தப் பல்லி மீது பிள்ளைகளுக்கு ஆசை வந்திருக்கிறது. குரைக்காது, முடி கொட்டாது, வாக்கிங் அழைத்துப் போக வேண்டாம். பெற்றோரும் ‘சரி, சின்னப் பெட்டிதானே’ என்று தலையாட்டிவிடுகிறார்கள்.

சிக்கல் அந்தச் ‘சின்னப் பெட்டி’யில்தான் ஆரம்பிக்கிறது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 முதல் 20 வருடங்கள் வாழக்கூடிய உயிர் இது. எட்டாம் வகுப்பில் வாங்கிக்கொடுத்தால், பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும்போதும் அது வீட்டில் இருக்கும். அத்தனை வருடமும் அதன் உலகம் நாம் தேர்ந்தெடுக்கும் அந்தப் பெட்டி மட்டும்தான். அதுவும் தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊரில் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஏன் என்று பார்ப்போம்.

அதன் சொந்த ஊர் எது?

ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், அதையொட்டிய வறண்ட பகுதிகள்தான் இதன் தாயகம். 1854-ல் எட்வர்ட் பிளைத் என்ற விலங்கியலாளர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். யூப்ளெஃபாரிஸ் மாக்குலேரியஸ் என்பது அந்தப் பெயர். ‘யூப்ளெஃபாரிஸ்’ என்றால் உண்மையான இமை உடையது என்று பொருள். நம் வீட்டுப் பல்லிக்கு அசையும் இமை கிடையாது. நாக்கால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். லெப்பர்ட் கெக்கோ கண்ணை மூடித் தூங்கும்.

இன்னொரு முக்கிய வித்தியாசம் காலில் இருக்கிறது. வீட்டுப் பல்லியின் விரலடியில் சுவரைப் பற்றிக்கொள்ளும் பட்டைகள் உண்டு. லெப்பர்ட் கெக்கோவுக்கு அது இல்லை, நகம் மட்டும்தான். கண்ணாடியில் ஏறாது, கூரையில் நடக்காது. இது தரையில் வாழும் பல்லி. ஆகவே அதற்கு உயரமான வீடு தேவையில்லை. அகலமான தரைதான் தேவை.

‘பாலைவனப் பல்லி’ என்று சொல்லி விற்பார்கள். அதைக் கேட்டதும் மணல்மேடுதான் நினைவுக்கு வரும். உண்மையில் அது வாழ்வது பாறையும் சரளையும் இறுகிய மண்ணும் கலந்த நிலத்தில். பகலில் பாறை இடுக்கில் ஒளிந்திருந்து, அந்தி சாய்ந்த பிறகு இரை தேட வரும். பகலெல்லாம் வெயில் குடித்த பாறை இரவில் அதன் வயிற்றுக்குச் சூடு கொடுக்கும். இடுக்கின் உள்ளே மட்டும் கொஞ்சம் ஈரம் இருக்கும்.

சூடான பாறை, குளிர்ந்த மூலை, ஈரமான பொந்து. இந்த மூன்றையும் தூத்துக்குடி வீட்டு ஹாலில் கொண்டுவருவதுதான் நம் வேலை. மீதி எல்லாம் அலங்காரம்.

தூத்துக்குடியில் என்ன பிரச்னை?

இணையத்தில் கிடைக்கும் வளர்ப்புக் குறிப்புகளில் பெரும்பாலானவை அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற குளிர் தேசத்தவர்கள் எழுதியவை. ‘பெட்டியை எப்படிச் சூடாக்குவது’ என்பதே அவர்களின் கவலை. நம் கவலை நேர்மாறானது.

இந்தப் பல்லிக்குப் பெட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி வரை சூடும், மறுபக்கம் 24 முதல் 27 டிகிரி வரை குளுமையும் வேண்டும். உடம்பைச் சூடாக்க வேண்டுமானால் அங்கே போகும்; போதும் என்றால் இங்கே வரும். தன் உடல் வெப்பத்தைத் தானே உருவாக்க முடியாத உயிருக்கு, இந்த இடமாற்றம்தான் செரிமானம், நோய் எதிர்ப்பு எல்லாமே.

தூத்துக்குடியில் மே, ஜூன் மாதங்களில் பகல் வெப்பம் 36, 37 டிகிரியைத் தொடுவது சாதாரணம். மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் சூடான பக்கம் தானாகவே கிடைத்துவிடும். குளுமையான பக்கம்தான் கிடைக்காது. பெட்டிக்குள் எல்லா இடமும் 35 டிகிரியைத் தாண்டி நீடித்தால் பல்லி ஓடி ஒளிய இடமில்லாமல் உயிரையே விடக்கூடும்.

அடுத்தது ஈரப்பதம். காற்றில் 30 முதல் 40 சதவிகித ஈரப்பதம் இதற்கு ஏற்றது. காற்றோட்டம் நன்றாக இருந்தால் அதற்குக் கொஞ்சம் மேலே போனாலும் சமாளிக்கும். ஆனால், கடற்கரை ஊரில் 70 சதவிகிதத்தைத் தாண்டும் நாள்கள் ஏராளம். மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் அது இன்னும் ஏறும். நாள்கணக்கில் அப்படி இருந்தால் சுவாசத் தொற்றும் தோல் பிரச்னையும் வரும்.

மூன்றாவது உப்புக்காற்று. ஜன்னல் கம்பியையே அரிக்கும் காற்று பெட்டியின் வலையை விட்டுவைக்குமா?

எந்தப் பெட்டி வாங்கலாம்?

மீன் கடை, செல்லப்பிராணிக் கடை, ஆன்லைன் என்று எங்கே போனாலும் ஐந்து வகைப் பெட்டிகள் கண்ணில் படும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

*1. கண்ணாடி மீன் தொட்டி:* எளிதில் கிடைப்பது இதுதான். சொன்ன அளவில் செய்தும் தருவார்கள். சுத்தம் செய்வது சுலபம், உப்புக்காற்றுக்கு அசையாது. குறை என்னவென்றால், காற்று மேலே மட்டும்தான் போய் வரும். மேல் மூடியைக் கண்ணாடியில் போடாமல் முழுக்க வலையாகப் போட வேண்டும். இன்னொரு குறை, கை மேலிருந்து உள்ளே வரும். இயற்கையில் மேலிருந்து வருவது பருந்தும் ஆந்தையும்தான். அதனால் புதிதாக வந்த பல்லி ஒவ்வொரு முறையும் மிரளும்.

*2. முன்பக்கம் திறக்கும் கண்ணாடிப் பெட்டி:* இதுதான் சிறந்தது. ரெடிமேடாக வாங்கினால் விலை அதிகம். அதற்கு உள்ளூரிலேயே வழி இருக்கிறது. கடைகளுக்கு ஷோகேஸ் செய்யும் அலுமினியம் ஃபேப்ரிகேஷன்காரர்களிடம் சொன்னால், முன்பக்கம் ஸ்லைடிங் கண்ணாடி வைத்துச் செய்து தருவார்கள். ஒரு பக்கச் சுவரின் கீழ்ப்பகுதியில் வலை, மேல் மூடியில் வலை என்று கேளுங்கள். சூடான காற்று மேலே போகும்போது புதுக்காற்று கீழே நுழையும். கடற்கரை ஊருக்கு இந்த ஏற்பாடு ரொம்ப முக்கியம்.

*3. பிளாஸ்டிக் பெட்டி:* துணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் துளை போட்டு வளர்ப்பவர்கள் உண்டு. லேசானது, விலை குறைவு. நோய்வாய்ப்பட்ட பல்லியைத் தனிமைப்படுத்தவும், அவசரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகவும் ஏற்றது. நிரந்தர வீடாக வைத்தால் காற்றோட்டமும் குறைவு, மேலே விளக்கு பொருத்தவும் முடியாது.

*4. மரப்பெட்டி:* குளிர் நாடுகளில் சூட்டைத் தக்கவைக்க இதை விரும்புகிறார்கள். நமக்கு அந்தத் தேவை இல்லை. சாதாரண ப்ளைவுட் ஈரக்காற்றில் உப்பும், கரையான் பயமும் உண்டு.

*5. கம்பிக் கூண்டு:* லவ் பேர்ட்ஸ் கூண்டு காலியாக இருக்கிறதே என்று அதில் விட்டுவிடாதீர்கள். விரல் மாட்டிக்கொள்ளும், இரைப் பூச்சி வெளியே ஓடும், சூடு நிற்காது.

அளவு என்ன?

ஒரு பல்லிக்குக் குறைந்தபட்சம் இரண்டரை அடி நீளம், 1 அடி அகலம். முடிந்தால் 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். வளர்ந்த பல்லி வாலோடு சேர்த்து 20 முதல் 25 சென்டிமீட்டர் வரை இருக்கும். அதாவது ஒரு ஸ்கேல் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு. ‘இதற்கு எதற்கு மூன்றடி?’ என்று தோன்றும். காரணம் ஓடி விளையாட மட்டுமல்ல. 1 அடிப் பெட்டியில் ஒரு மூலை 33 டிகிரியும் மறுமூலை 26 டிகிரியும் இருக்கவே முடியாது. ஐந்து நிமிடத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். வெப்ப வித்தியாசத்துக்கு நீளம் வேண்டும்.

‘ஜோடியாக வாங்கினால் துணையாக இருக்கும்’ என்பார்கள். வேண்டாம். இது தனித்து வாழும் பிராணி. இரண்டு ஆண்கள் ஒரே பெட்டியில் இருந்தால் கடித்துக் குதறிக்கொள்ளும். ஆணும் பெண்ணும் இருந்தால் பெண்ணுக்கு ஓய்வே இருக்காது. இரண்டு பெண்களில்கூட பலவீனமானது சூடான இடத்துக்கும் இரைக்கும் வர முடியாமல் மெலிந்துபோகும். ஒரு பெட்டிக்கு ஒரு பல்லி என்பதுதான் பாதுகாப்பான கணக்கு.

வலையும் எறும்பும்

மூடிக்குக் கொசு வலை போடலாமா? இரையாக விடும் சில்வண்டு நைலான் வலையைக் கடித்து வெளியேறிவிடும். சாதாரண இரும்பு வலை உப்புக்காற்றில் துருப்பிடித்து உதிரும். கொஞ்சம் செலவானாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலையே போடுங்கள்.

நம் ஊர்ப் பெட்டிக்கு வெளிநாட்டுப் புத்தகம் சொல்லாத எதிரி ஒன்று உண்டு: எறும்பு. மிச்சம் கிடக்கும் இரையைத் தேடி வரிசையாக வரும். தூங்கும் பல்லியையும் கடிக்கும். பாட்டி காலத்து வைத்தியமே போதும். ஸ்டாண்டின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். ஸ்டாண்டு சுவரில் ஒட்டாமல் இருக்கட்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை அந்தத் தண்ணீரை மாற்றுங்கள், இல்லையென்றால் கொசு முட்டையிடும். எறும்பு சாக்பீஸ், எறும்புப் பொடி, கரப்பான் ஸ்பிரே எதுவும் அந்த அறையில் வேண்டாம். பூச்சியைக் கொல்லும் மருந்து, பூச்சி தின்னும் பல்லியையும் பாதிக்கும்.

தரைக்கு என்ன போடலாம்?

தூத்துக்குடிக்காரர்களுக்கு உடனே தோன்றுவது தேரி மணல். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் போனால் செக்கச்செவேல் என்று கிடக்கும் அந்த மணலைப் பெட்டியில் பரப்பினால் போட்டோவுக்குப் பிரமாதமாக இருக்கும். பல்லிக்கு ஆகாது. இரையைக் கவ்வும்போது மணலும் வாய்க்குள் போகும். அது குடலில் சேர்ந்து அடைத்துக்கொண்டால் கழிவு வெளியேறாது. குட்டிகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். கடற்கரை மணலில் உப்பும் சிப்பித் துண்டுகளும் வேறு உண்டு. கடையில் விற்கும் ‘கால்சியம் மணல்’ பாக்கெட்டும் வேண்டாம்.

குட்டிக்கும் புதிதாக வந்த பல்லிக்கும் டிஷ்யூ பேப்பர் அல்லது அச்சில்லாத வெள்ளைத்தாள் போதும். கழிவில் மாற்றம் இருந்தால் உடனே தெரியும். பல்லி செட்டான பிறகு கடப்பா கல் அல்லது சொரசொரப்பான டைல்ஸ் போடலாம். சமையல் மேடைக்குப் போட்டதில் மிஞ்சிய கடப்பா கல் துண்டுகூடப் போதும். மெருகேற்றாத பக்கம் மேலே இருக்கட்டும். நகம் தேயும், கால் வழுக்காது. கல் சூட்டை வாங்கி மெதுவாக வெளியிடும். அதன் தாய்நாட்டுப் பாறை செய்யும் வேலையை இது செய்யும்.

இன்னொரு நல்ல செய்தி, இந்தப் பல்லி பெரும்பாலும் ஒரே மூலையில்தான் மலம் கழிக்கும். அந்த மூலையில் மட்டும் தாள் போட்டு மாற்றினால் வேலை முடிந்தது.

மூன்று ஒளிவிடங்கள்

பெட்டிக்குள் குறைந்தது மூன்று பொந்து வேண்டும். சூடான பக்கம் ஒன்று, குளுமையான பக்கம் ஒன்று, நடுவில் ஈரமானது ஒன்று.

இதற்குக் காசு செலவழிக்கவே வேண்டாம். குட்டிக்கு வாசல் வெட்டிய சிரட்டை போதும். பெரிய பல்லிக்கு மண் சட்டியைக் கவிழ்த்து, விளிம்பில் வாசல் உடைத்து, கூர்முனையைத் தேய்த்துவிடுங்கள். உள்ளே புகுந்தால் முதுகு கூரையில் லேசாகத் தொட வேண்டும். அந்த நெருக்கம்தான் அதற்குப் பாதுகாப்பு உணர்வு.

ஈரமான பொந்துதான் பலரும் மறப்பது. பல்லி அவ்வப்போது தோல் உரிக்கும். ஈரம் போதாவிட்டால் விரல் நுனியில் பழைய தோல் மோதிரம் போல இறுகிக்கொள்ளும். ரத்த ஓட்டம் நின்று விரலே உதிர்ந்துவிடும். ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் வாசல் வெட்டி, நனைத்துப் பிழிந்த டிஷ்யூ வைத்தால் போதும். ‘ஊரே ஈரமாகத்தானே இருக்கிறது’ என்று இதை விட்டுவிடாதீர்கள். பெட்டி காய்ந்திருக்க வேண்டும், பொந்து மட்டும் ஈரமாக இருக்க வேண்டும். டிஷ்யூவை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினால் பூஞ்சை வராது.

குளுமையான பக்கம் ஒரு சின்னத் தண்ணீர்க் கிண்ணமும், ஒரு மூடி நிறைய கால்சியம் பொடியும் வைத்துவிடுங்கள்.

சூடும் வெளிச்சமும்

பெட்டியின் மூன்றில் ஒரு பங்கு தரைக்கு மட்டும் சூடு கொடுங்கள். அடியில் ஒட்டும் ஹீட் மேட் அல்லது மேலே குறைந்த வாட் ஹாலோஜன் விளக்கு, எதுவானாலும் தெர்மோஸ்டாட் கட்டாயம். அறை சூடாகும்போது அது தானாகவே மின்சாரத்தை நிறுத்தும். மே மாதத்தில் ஹீட்டர் பகல் முழுக்க ஓய்வெடுத்தாலும் ஆச்சர்யமில்லை. தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட் நம் ஊர்க் கோடையில் தோசைக்கல் மாதிரி ஆகிவிடும். உள்ளே மின்சாரத்தில் சூடாகும் ‘ஹாட் ராக்’ வேண்டாம். வயிறு வெந்துபோகும் அபாயம் உண்டு.

மழைக்கால மாதங்களில் மேலே எரியும் விளக்கு இரண்டு வேலை செய்யும். காற்று சூடாகும்போது அதன் ஈரப்பத சதவிகிதம் குறையும். ஆக, சூடும் கிடைக்கும், பெட்டியும் காயும்.

கோடையில் குளுமையான பக்கம் 30 டிகிரியைத் தாண்டினால், பெட்டியை வீட்டின் குளிர்ந்த அறைக்கு மாற்றுங்கள். ஐஸ் தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி, குளுமையான பக்கத்துக் கண்ணாடிக்கு வெளியே ஒட்டி வைக்கலாம். ஏசி, ஃபேன் காற்று நேராகப் படக் கூடாது. ஜன்னலோரம் கூடவே கூடாது. கண்ணாடிப் பெட்டியில் நேர் வெயில் விழுந்தால், வெயிலில் நிறுத்திய காருக்குள் இருப்பது போலத்தான்.

பகலில் 12 மணி நேரம் வெளிச்சம், இரவில் முழு இருட்டு. ‘இரவு விளக்கு’ என்று விற்கும் சிவப்பு பல்பு தேவையில்லை. மென்மையான புறஊதா விளக்கு வைத்தால் எலும்புக்கு நல்லது. இல்லாவிட்டால் வைட்டமின் டி3 கலந்த பொடியை இரையில் தூவிக் கொடுக்க வேண்டும். அல்பினோ வகை வாங்கினால் பிரகாசமான விளக்கு அதன் கண்ணுக்கு ஆகாது.

மழை, வெள்ளம், மின்வெட்டு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளைத் தூத்துக்குடி மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது, பல பகுதிகளில் மின்சாரம் திரும்ப நாள்கணக்கில் ஆனது. மனிதர்களே மாடிக்கு ஓடிய நேரத்தில், தரையில் இருந்த கூண்டையும் தொட்டியையும் யார் தூக்குவது?

ஆகவே இந்த ஊரில் வீடு தேர்ந்தெடுக்கும்போதே மூன்று விஷயங்களை முடிவு செய்யுங்கள்.

ஒன்று, பெட்டி தரையில் இருக்கக் கூடாது. மேஜை உயர ஸ்டாண்டில் இருக்கட்டும். இரண்டு, காற்றுத் துளை போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்று எப்போதும் பெட்டியின் மேலேயே இருக்கட்டும். பல்லியை அதில் போட்டுக்கொண்டு ஒரே ஆள் ஒரு நிமிடத்தில் கிளம்ப வேண்டும். மூன்று, மின்சாரம் இல்லாத நாள்களில் இரை கொடுக்காதீர்கள். சூடு இல்லாமல் செரிக்காது, வயிற்றிலேயே அழுகும். ஆரோக்கியமான வளர்ந்த பல்லியின் தடித்த வால் கொழுப்புச் சேமிப்புக் கிடங்கு. சில நாள் பட்டினி அதற்கு ஒன்றும் செய்யாது. தண்ணீர் மட்டும் இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வீடு தயாராகிவிட்டது. பல்லி எங்கிருந்து வருகிறது?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சைட்டிஸ் எனப்படும் சர்வதேச உடன்படிக்கையில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களுக்காக அதில் நான்காவது அட்டவணை சேர்க்கப்பட்டது. அந்த அட்டவணையில் உள்ள உயிரினத்தை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024-ல் வந்தன. பட்டியல்கள் அவ்வப்போது மாறும். அதனால் விற்பவர் ‘ஒண்ணும் பிரச்னை இல்ல சார்’ என்று சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். வாங்கும் முன் அறிவியல் பெயரைச் சொல்லி மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கே, யாரிடம் பிறந்த குட்டி என்று எழுதிய பில் வாங்கி வையுங்கள்.

இந்தப் பல்லிக்கு இந்தியாவிலேயே உறவினர்கள் உண்டு. சாத்புரா மலைப்பகுதியின் சிறுத்தைப் பல்லியை 2014-லும், ஆந்திரா - ஒடிசா பகுதியின் இன்னொன்றை 2022-லும் ஆய்வாளர்கள் புதிய இனங்களாக அறிவித்தார்கள். ‘நாட்டு வகை, விலை குறைவு’ என்று யாராவது காட்டினால், அது காட்டில் பிடித்ததாக இருக்கலாம். தொடவே தொடாதீர்கள். நட்சத்திர ஆமையை அதிர்ஷ்டம் என்று வாங்கி வைத்து, பிறகு வழக்கில் மாட்டிக்கொண்டவர்கள் கதை நமக்குப் புதிதல்ல. முதல் அட்டவணை உயிரினம் என்றால் 3 முதல் 7 வருடம் வரை சிறைத் தண்டனை. சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வரும் பெட்டிகளுக்குள் பாம்பும் ஆமையும் அடைபட்டுக் கிடந்த செய்திகளையும் படித்திருப்பீர்கள். பில் இல்லாத பல்லி அப்படி ஒரு பெட்டியில் வந்ததாகவும் இருக்கலாம்.

வீட்டாரிடமும் கேளுங்கள்

லெப்பர்ட் கெக்கோ காய்கறி, பழம் தின்னாது. உயிருள்ள பூச்சி மட்டும்தான். கரப்பானைக் கண்டால் செருப்பைத் தேடும் வீட்டில், இரைக்காகக் கரப்பானோ சில்வண்டோ டப்பாவில் வைக்க வேண்டியிருக்கும். அம்மா சம்மதம் இல்லாமல் இது நடக்காது. தின்னாமல் விட்ட சில்வண்டை இரவே எடுத்துவிட வேண்டும். தூங்கும் பல்லியை அது கடிக்கும்.

ஊர்வன சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடும். பல்லியையோ பெட்டியையோ தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறை ஸிங்க்கில் கழுவக் கூடாது. ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை இருக்கும் வீட்டில் இதைத் தவிர்ப்பதே நல்லது.

வைத்தியத்துக்கும் முன்பே ஆளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லா கால்நடை மருத்துவரும் பல்லி பார்ப்பதில்லை. தூத்துக்குடிக்காரர்களுக்குப் பக்கத்தில் உள்ள பெரிய இடம், திருநெல்வேலி ராமையன்பட்டியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி. ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவர் யார், எந்த நாளில் இருப்பார் என்று வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

காலிப் பெட்டியோடு இரண்டு வாரம்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான யோசனை. பெட்டி, கல், சட்டி, தெர்மோஸ்டாட் எல்லாம் பொருத்திய பிறகும் பல்லியை வாங்காதீர்கள். இரண்டு வாரம் காலியாகவே ஓட்டுங்கள்.

சூடான பக்கம் ஒன்று, குளுமையான பக்கம் ஒன்று என்று இரண்டு டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஈரப்பதம் காட்டும் மீட்டர் ஒன்று. காலை 6 மணி, மதியம் 2 மணி, இரவு 10 மணி என்று மூன்று வேளையும் அளவைக் குறித்து வையுங்கள். பல்லி கேட்கும் பிள்ளையிடமே இந்த வேலையைக் கொடுங்கள். இரண்டு வாரம் விடாமல் எழுதினால் பிள்ளையின் ஆர்வமும் தெரிந்துவிடும்.

சோதனைக்கு ஏற்ற மாதம் மே. அதில் குளுமையான பக்கம் தேறினால் மற்ற மாதங்களிலும் தேறும். ஈரப்பதத்துக்கு நவம்பரில் ஒருமுறை பாருங்கள். குறிப்பில் உள்ள எண்கள் சரியாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். என்ன செய்தும் எண்கள் இறங்கவில்லை என்றால், உங்கள் வீடு இந்தப் பல்லிக்கு ஏற்றதில்லை. அந்தத் தொட்டியில் தண்ணீர் ஊற்றி மீன் விடலாம். கடைக்காரரிடம் தொட்டி செய்யச் சொல்லும்போதே ‘பிறகு மீனும் விடுவேன்’ என்று சொல்லி, தண்ணீர் தாங்கும் தடிமனில் கண்ணாடி போடச் சொன்னால் காசும் வீணாகாது.

பல்லி வந்த பிறகு, மீட்டரோடு சேர்த்துப் பல்லியையும் கவனியுங்கள்.

- எப்போதும் குளுமையான பக்கமே கிடந்தால், பெட்டி அதிகச் சூடு.
- எப்போதும் சூடான பக்கமே கிடந்தால், சூடு போதவில்லை.
- கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டே இருந்தால், இடமோ ஒளிவிடமோ போதவில்லை.
- விரல் நுனியில் பழைய தோல் ஒட்டியிருந்தால், ஈரமான பொந்து காய்ந்துவிட்டது.
- வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, வால் மெலிந்தாலோ, உடனே மருத்துவர்.

வலியையும் பசியையும் நம்மிடம் சொல்லத் தெரியாத பிராணி இது. அது பேசும் ஒரே பாஷை, பெட்டியில் எந்த இடத்தில் படுத்திருக்கிறது என்பதுதான். தினமும் இரவு விளக்கை அணைக்கும் முன் ஒரு நிமிடம் அதைப் பார்த்துவிட்டுப் படுங்கள்.